பூனைக் கதவு: எந்த வகை வாங்கலாம், எப்படிப் பழக்கலாம்

விடியற்காலை நாலு மணிக்குப் பூனை கதவைப் பிறாண்டும். தூக்கக் கலக்கத்தோடு எழுந்து திறந்தால், வாசற்படியில் உட்கார்ந்து வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பிவிடும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பிறாண்டல். பூனை வளர்க்கிறவர்கள் பலரும் ‘ஒரு பெட் டோர் வைத்துவிட்டால் என்ன?’ என்று யோசிப்பது இந்தக் கட்டத்தில்தான். தேட ஆரம்பித்ததும் குழப்பம் வந்துவிடும். கொசுவலைக் கதவில் மாட்டுவது ஒன்று, மரக்கதவில் ஓட்டை போட்டு வைப்பது ஒன்று, சுவரைக் குடைந்து வைப்பது ஒன்று, பூனையின் மைக்ரோசிப்பைப் படித்துத் திறப்பது இன்னொன்று.

எங்களுடையது தாம்பரம் தாண்டி ஒரு தரைத்தளத் தனி வீடு. பின்னால் புதர் மண்டிய காலி மனை. இரண்டு பூனைகள், ஒரு நாட்டு நாய். ஏழு வருடத்தில் மூன்று வகைக் கதவுகளை வைத்துப் பார்த்துவிட்டோம். அதில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் பூனை இதில் போகுமா என்று கேட்பதற்கு முன்னால், வேறு எதெல்லாம் இதில் உள்ளே வரும் என்று கேளுங்கள். பூனை எப்படியும் பழகிவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

என்னவெல்லாம் வரும்? குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் குளிர்காற்று புகுவதைப் பற்றித்தான் கவலைப்படும். நமக்கு அது பிரச்சினையே இல்லை. நமக்குக் கொசு, எலி, பெருச்சாளி, தெருப்பூனை, மழைச்சாரல், பாம்பு. ஃபிளாப் என்பது ஓட்டையில் தொங்கும், தள்ளினால் ஆடித் திறக்கும் மூடி. சாதாரண ஃபிளாப்பை அடியில் ஒரு சின்னக் காந்தம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வளர்ந்த பெருச்சாளி ஒன்று முட்டினால் அது திறந்துவிடும். எலி வருகிற இடத்துக்குப் பாம்பும் வரும். கட்டுவிரியன் நடமாடுவது இரவில். எனவே இரவில் அடைக்க முடியாத எந்தக் கதவையும் தரைத்தள வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எதில் ஓட்டை போடப் போகிறீர்கள்? சொந்த வீடா வாடகை வீடா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும். சொந்த வீடாக இருந்தாலும் தலைவாசல் கதவில் கை வைக்காதீர்கள். எங்கள் அத்தை அதை நினைத்துப் பார்க்கவே விடவில்லை. நிலைவாசலை விட்டுத் தள்ளினாலும், தெருவைப் பார்த்த கதவில் ஓட்டை என்பது திருடனுக்குக் கை நுழைக்கும் இடம். பின்வாசல், அடுக்களையை ஒட்டிய துணி துவைக்கும் இடம், மாடிப்படிக் கதவு, இவைதான் பொருத்தம்.

யார் போகப் போகிறார்கள்? அளவு எடுப்பது எளிது. தரையிலிருந்து தோள் வரை உயரம் எடுங்கள். ஓட்டையின் மேல்விளிம்பு அதற்கு ஓரிரு அங்குலம் மேலே இருக்க வேண்டும். உடம்பின் மிக அகலமான இடத்தை எடுத்து இரண்டு அங்குலம் கூட்டுங்கள். கீழ்விளிம்பு வயிற்று மட்டத்தைத் தாண்டி மேலே போகக் கூடாது. போனால் ஒவ்வொரு தடவையும் குதித்துத்தான் போக வேண்டும், வயசான பிராணிக்கு மூட்டு வலிக்கும். வாங்குவதற்கு முன் பார்சல் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் அந்த அளவுக்கு ஓட்டை வெட்டி, மறுபக்கம் கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். முதுகு உரசாமல் போய் வந்தால் அளவு சரி. நாங்கள் இதைச் செய்யாமல் முதல் ஃபிளாப்பைப் படத்தைப் பார்த்து வாங்கினோம். பெரிய பூனை தலையை நுழைத்துவிட்டு, இடுப்பு சிக்கிப் பயந்து பின்னால் இழுத்துக்கொண்டது. அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

இன்னொன்று. பூனைக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் இன்றைய அளவை எடுக்காதீர்கள். வளர்ந்தபின் என்ன அளவு வரும் என்று பார்த்து வாங்குங்கள். இப்போதைக்கு வெளிப்பக்கம் ஒரு செங்கல்லைப் படியாகப் போட்டால் போதும்.

## கொசுவலைக் கதவில் மாட்டும் வகை

வலையை வெட்டி, பிளாஸ்டிக் சட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துத் திருகுவது. அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. வீட்டைக் காலி செய்யும்போது புது வலை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்பதால் வாடகை வீட்டுக்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்.

சாதாரண ஃபைபர் வலையில் இது நிலைக்காது. பூனை நகம் பட்டால் ஒரு வாரத்தில் சட்டத்தைச் சுற்றிப் பிய்ந்துவிடும். ஸ்டீல் வலையோ கெட்டியான பாலியெஸ்டர் வலையோ போட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ‘மலிவு’ என்பது பாதி குறைந்துவிடும். வலைக்கு வெளியே மரக்கதவு இருந்து அதை ராத்திரி சாத்திவிடுகிற வீடுகளுக்கும், மூன்றாவது நாலாவது மாடியில் பால்கனிக்குப் போய்வர மட்டும் வழி வேண்டியவர்களுக்கும் இது போதும். மாடி பால்கனியாக இருந்தால் முதலில் பால்கனியை முழுக்க வலையடித்துவிட்டு அப்புறம் கதவைப் பற்றி யோசியுங்கள். பூனை விழாது என்பது வெறும் நம்பிக்கை. புறாவைப் பார்த்தால் அது கைப்பிடிச் சுவரை மறந்துவிடும்.

## மரக்கதவில் வைக்கும் சாதா ஃபிளாப்

அதிகம் விற்பது இதுதான். வாங்கும்போது நாலு நிலைப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்: உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், இரண்டும், முழுதாக அடைப்பு. அந்தச் சின்னத் திருகு இல்லாத ஃபிளாப்பைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். ‘உள்ளே வர மட்டும்’ என்ற நிலைதான் சாயங்காலம் கை கொடுக்கும். ஆறு மணிக்குத் திருப்பி வைத்தால், வெளியே இருப்பது வந்துவிடும், வந்தது போகாது.

மறைச்செலவு கதவில்தான் இருக்கிறது. இப்போதைய பின்வாசல் கதவுகள் முக்கால்வாசி ஃப்ளஷ் கதவுகள். மேலே பிளைவுட், உள்ளே துண்டு மரங்கள். ஓட்டை போட்டதும் அந்த உள்மரம் பச்சையாக வெளியே தெரியும். எங்கள் வீட்டில் வெட்டிய ஆசாரி அந்த விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. “அம்மா, இதுல ஒரு மழைத்தண்ணி இறங்கினா அடுத்த வருஷம் கதவு ஊதிக்கும், அப்புறம் செல்லு புடிக்கும்” என்றார். நாலு பக்கமும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, வார்னிஷ் பூசி, மேல்விளிம்பில் சிலிக்கான் வைத்த பிறகுதான் சட்டத்தை மாட்டினார். ஓட்டை வெட்டியது அரை மணி, இந்த வேலை அரை நாள். அதற்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

யுபிவிசி கதவென்றால் நடுப் பலகையை மட்டும்தான் வெட்டலாம். சட்டத்துக்குள் இரும்புப் பட்டை இருக்கும். கண்ணாடிக் கதவு டஃபண்டு (சூடேற்றிக் கெட்டிப்படுத்திய) கண்ணாடியாக இருந்தால் அதில் ஓட்டை போடவே முடியாது, மொத்தமும் நொறுங்கிவிடும். ஓட்டையோடு புதுக் கண்ணாடி செய்யச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் எக்ஸிடர் பேராலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் வட்டமாக ஒரு பூனை ஓட்டை இருக்கிறது. 1598-ல் அதை வெட்டத் தச்சர்களுக்கு 8 பென்னி கூலி கொடுத்ததாகக் கணக்கு உண்டு. கடிகாரத்துக்குப் பூசிய கொழுப்பைத் தின்ன வந்த எலிகளைப் பிடிக்கப் பூனையை உள்ளே விட அவர்கள் வழி செய்தார்கள். மூடி இல்லாத அதே ஓட்டை நம் கொல்லைப்புறத்தில் இருந்தால் பூனைக்கு முன்னால் எலி வந்து நிற்கும்.

## சுவரில் வைக்கும் வகை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், சொந்த வீடாக இருந்தால். கதவு கெடாது. வேண்டிய உயரத்தில் வைக்கலாம். ஒன்பது அங்குலச் சுவருக்குள் நீளமாக ஒரு சுரங்கம் போல வருவதால், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஃபிளாப் போட முடியும். காற்று, சாரல், கொசு மூன்றுமே வெகுவாகக் குறையும்.

ஆனால் இது கொத்தனார் வேலை. தூண், பீம் பக்கம் போகக் கூடாது. சுவருக்குள் ஓடும் கரண்ட் குழாயும் தண்ணீர்க் குழாயும் எங்கே என்று தெரியாமல் உளி வைக்கக் கூடாது. சுரங்கத்தின் தரை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் அடுக்களைக்குள் வரும். வெளியே மேலே ஒரு சின்ன சன்ஷேடு. கதவோடு வரும் சுரங்கத் துண்டு பெரும்பாலும் நம் சுவர் கனத்துக்குப் போதாது. கூடுதல் துண்டுகளைத் தனியாக வாங்க வேண்டும். உள்ளே வெறும் செங்கல்லாக விட்டால் பூரானும் பல்லியும் குடியேறும். வழவழப்பாகப் பூசி, வெள்ளை அடித்துவிடுங்கள். இருட்டுச் சுரங்கத்தைவிட வெளிச்சமான சுரங்கத்தில் பூனை சீக்கிரம் நுழையும்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது இந்த ஏற்பாடு. அடுக்களைச் சுவரில் ஃபிளாப். அது திறப்பது நேராகக் கொல்லைக்கு இல்லை, கிரில் போட்டு மேலே ஸ்டீல் வலையும் அடித்த துவைக்கும் இடத்துக்கு. அங்கிருந்து வெளியே போக கிரில்லில் ஒரு சின்ன இரும்புக் கதவு. ராத்திரி இரும்புக் கதவைப் பூட்டிவிடுவோம், ஃபிளாப்பைத் திறந்தே விடுவோம். துவைக்கும் இடத்தில் பூனைகள் கழிக்க மண் தட்டு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உட்கார்ந்து இருட்டை வேடிக்கை பார்க்க ஒரு பழைய ஸ்டூல் இருக்கிறது. நாலு மணிப் பிறாண்டல் நின்றது இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான். ஒரே கதவை ராத்திரி அடைத்தால் பூனை எழுப்பும், திறந்து விட்டால் பயம். இரண்டு தடுப்பு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

## சிப் படித்துத் திறக்கும் வகை

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக் ஹில் என்ற இயற்பியலாளர் அக்கம்பக்கத்துப் பூனைகள் தன் வீட்டுக்குள் வந்துபோவதைத் தடுக்கச் செய்ததுதான் இப்போது பரவலாக விற்கும் சிப் ஃபிளாப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியில் போடும், அரிசி அளவே உள்ள மைக்ரோசிப்பில் ஓர் எண் இருக்கும். சிப்பில் பேட்டரி கிடையாது. பூனை தலையை நீட்டும்போது ஃபிளாப் அந்த எண்ணைப் படித்துப் பூட்டைத் திறக்கும். தெருவில் திரியும் கடுவன் (ஆண் பூனை) வந்தால் திறக்காது.

கடுவன் தொல்லையின் அருமை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் முதல் ஃபிளாப் வழியாக ஒன்று வந்து அரிசி மூட்டையின் மேல் பீய்ச்சிவிட்டுப் போனது. மூட்டையையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட தெருவில், வீட்டில் யாரும் இல்லாத பகல் நேரத்துக்கு, சிப் ஃபிளாப் கொடுக்கிற காசுக்குத் தகும். சாதா ஃபிளாப்பைப் போலப் பல மடங்கு விலை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் நாலு விஷயம். உங்கள் பூனையின் சிப் எண் 15 இலக்கமா என்று தடுப்பூசிப் புத்தகத்தில் பாருங்கள், 134.2 கிலோஹெர்ட்ஸில் படிக்கப்படும் சர்வதேசத் தர வகை அது, ஃபிளாப்புகள் அதைப் படிக்கும். விலை குறைந்த மாடல்கள் உள்ளே வரும்போது மட்டும்தான் எண்ணைப் பார்க்கும், வெளியே யார் வேண்டுமானாலும் போகலாம். ஒரு பூனையை மட்டும் வெளியே விடக் கூடாது என்றால் இரண்டு பக்கமும் படிக்கும் மாடல் வேண்டும். இரும்புக் கதவில் சிப்பைப் படிப்பது தடுமாறும். கடைசியாக, பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இறக்குமதி ஃபிளாப் ஒன்றை வாங்கி, தாழ் உடைந்ததும் உதிரிப்பாகத்துக்கு ஐந்து மாதம் காத்திருந்தார். விற்ற கடை கைவிரித்துவிட்டது.

சிப்புக்குப் பதிலாகக் கழுத்துப்பட்டையில் காந்தம் தொங்கவிடும் வகையும் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பட்டை தொலையும், புதரில் மாட்டும், எந்தக் காந்தத்துக்கும் திறக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சிப் ஃபிளாப் பூனையைத்தான் பார்க்கும், வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. அணில், ஓணான், உயிரோடு இருக்கும் பாம்புக்குட்டி எல்லாம் பூனையோடு உள்ளே வரும். காலி மனையை ஒட்டிய வீடுகளுக்கு இதனால்தான் நடுவில் ஒரு கிரில் இடம் வேண்டும் என்கிறேன்.

## கதவே வேண்டாம் என்பவர்களுக்கு

பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் இதுதான். ராஜபாளையம் நாய் தோள் உயரமே 65 முதல் 75 சென்டிமீட்டர் வரும். அது தாராளமாகப் போகிற ஓட்டையில் ஒல்லியான ஆள் ஒருவர் தவழ்ந்து வந்துவிடலாம். அதற்கு கிரில் கேட்டும், காலை மாலை நேரம் தவறாமல் நடத்திக் கூட்டிப்போவதும்தான் சரி. கேட்டுக்கு வெளியே நேராகத் தெரு என்றால் சின்ன நாய்க்கும் கதவு வைக்காதீர்கள். சுற்றுச்சுவர் ஓட்டையில்லாமல் இருந்து, கேட்டின் அடி இடைவெளியும் அடைத்திருந்தால்தான் நாய்க் கதவு.

அப்புறம், பூனையை வெளியே விடவே வேண்டுமா என்பது. மெயின் ரோட்டில் வீடு இருந்தால் விடாதீர்கள். வெயில் வரும் ஜன்னலில் வலையடித்து ஒரு பலகை போட்டுக் கொடுங்கள். வெளியே விடுகிற பூனைக்கு வருடா வருடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மற்றத் தடுப்பூசிகள், உண்ணிக்கு மருந்து, சண்டையில் பட்ட கடி சீழ் வைத்தால் டாக்டர் செலவு எல்லாம் உண்டு. கருத்தடை செய்யாமல் கதவைத் திறந்து விடுவது மட்டும் கூடவே கூடாது. இந்தச் செலவையும் ஃபிளாப் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

| வகை | யாருக்கு | கூடவே வரும் செலவு | ராத்திரி |
|---|---|---|---|
| வலைக் கதவு | வாடகை வீடு, மாடி பால்கனி | கெட்டியான வலை | வெளிக்கதவைச் சாத்தினால்தான் |
| மரக்கதவு ஃபிளாப் | சின்னப் பூனை, பின்வாசல் | ரீப்பர், வார்னிஷ், ஆசாரி கூலி | நாலு நிலைப் பூட்டு |
| சுவர் | சொந்த வீடு, காலி மனைப் பக்கம் | கொத்தனார், கூடுதல் சுரங்கத் துண்டு | இரண்டு தடுப்பு சாத்தியம் |
| சிப் | தெருப்பூனைத் தொல்லை | ஃபிளாப்பின் பேட்டரி, உதிரிப்பாகம் | பூட்டலாம், பாம்புக்குத் தனித் தடுப்பு |
| கதவில்லை | பெரிய நாய், மெயின் ரோடு | உங்கள் நேரம் | கவலையில்லை |

## பழக்குவது

பெரும்பாலோர் செய்யும் தப்பு, மாட்டிய அன்றே பிராணியைப் பிடித்து ஓட்டையில் தள்ளுவது. ஃபிளாப் முதுகில் தட்டும், அது பயந்துவிடும், அத்தோடு சரி. இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் நாலைந்து நாள் ஃபிளாப்பை முழுக்கத் தூக்கி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அது வெறும் ஓட்டையாக இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பசியில் இருக்கும்போது, மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுங்கள். வந்ததும் ஒரு துண்டு மீன். உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே, இரண்டையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். வெளியே போகக் கற்றுக்கொண்ட பூனைக்கு உள்ளே வரத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மென்மையான துணியால் பூனையின் கன்னத்தைத் துடைத்து, அதே துணியால் ஓட்டையின் விளிம்பைத் துடையுங்கள். தன் வாசனை இருக்கும் இடத்தைப் பூனை நம்பும்.

அப்புறம் ஃபிளாப்பைப் பாதி இறக்குங்கள். இந்தக் கட்டத்தில் என் சின்னப் பூனை செய்ததை இப்போதும் நினைத்துக்கொள்வேன். ஃபிளாப்பின் கீழ்விளிம்பை மூக்கால் தொட்டாள், பின்வாங்கினாள். ஒரு கையை மெதுவாக நீட்டி நகத்தால் நெம்பினாள். அது ஆடியதும் காது இரண்டும் பின்னால் போயின. மறுபக்கம் நான் மூச்சுக்கூட விடாமல் மீனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெற்றியை வைத்து அழுத்தினாள், மீசை மடங்கியது, அடுத்த நொடி என் மடியில் இருந்தாள். கையால் நெம்புவது நெற்றியால் தள்ளுவதாக மாறும் வரை பொறுத்திருங்கள். அதுதான் கற்றுக்கொண்டதற்கு அடையாளம்.

முழுக்க இறக்கிய பிறகும் சில நாள் காந்தத்தின் மேல் டேப் ஒட்டி வையுங்கள், தள்ள லேசாக இருக்கும். ஒளி ஊடுருவும் ஃபிளாப் என்றால் மறுபக்கம் தெரிவதால் சீக்கிரம் பழகும். சிப் வகையில் தாழ் திறக்கும் ‘க்ளிக்’ சத்தம்தான் எதிரி. முதல் சில நாள் பூட்டு வேலை செய்யாத நிலையில் வைத்துவிட்டு, ஃபிளாப்புக்குப் பழகிய பின் பூட்டைப் போடுங்கள்.

நாய்க்கு வேலை சுலபம், நம்மைப் பார்த்தே வந்துவிடும். ஆனால் நாய் வேகமாக வந்து முட்டும். கூப்பிட்டுத் துரிதப்படுத்தாமல், வாசலில் ஒரு நொடி உட்காரவைத்து, அப்புறம் ‘வா’ என்று சொல்லிப் பழக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் ஃபிளாப்பின் கீல் போய்விடும்.

மழை நாளில் பழக்க ஆரம்பிக்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரமும் வேண்டாம். பழகிய பிராணியாக இருந்தாலும் தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்தே கதவை முழுக்கப் பூட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருந்தாலும், தெருப்பிள்ளைகள் முதல் நாளே ஆரம்பித்துவிடுவார்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிய பூனைக்கு வீட்டுக் கதவு எங்கே என்று தெரியாது.

சின்னவள் ஒன்பது நாளில் பழகினாள். நாய் மூன்றே நாள். இடுப்பு சிக்கிய பெரியவளுக்குப் புது ஃபிளாப்பில் ஒன்றரை மாதம் ஆனது. இன்றைக்கும் அவள் வெளியே போக மட்டும்தான் அதைப் பயன்படுத்துகிறாள். உள்ளே வர வேண்டுமென்றால் அடுக்களை ஜன்னலடியில் நின்று கூப்பிடுவாள். நாங்கள் போய்க் கதவைத் திறந்து விடுகிறோம்.